கனடா மரம் "சஸ்டைனபிள்"னு சொல்றாங்களே, எவ்வளவு வெட்டலாம்னு யார் முடிவு பண்றது?

பெரும்பாக்கம்_பால்கனி:
எல்லாருக்கும் வணக்கம். புது ஃப்ளாட்டுக்கு உள்வேலை ஆரம்பிக்கணும், தேக்கு நமக்கு கட்டுப்படியாகாது, இன்டீரியர் பண்ற பொண்ணு ஹெம்லாக், ஸ்ப்ரூஸ்னு ரெண்டு சாம்பிள் பலகை கொண்டுவந்து "கனடா மரம் சார், முழுக்க சஸ்டைனபிள், வெட்டினா திரும்ப நட்டுடுவாங்க"ன்னுச்சு. என் சித்தி பையன் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல, வடக்குல பிரின்ஸ் ஜார்ஜ்ல இருக்கான், அவன்கிட்ட சொன்னா சிரிக்கிறான். அங்க ஊருக்குள்ளயே இதுல ரெண்டு கட்சியாம், ஒரு பக்கம் காட்டை மொட்டையடிச்சாச்சுங்கறாங்க, இன்னொரு பக்கம் மில்லு மூடுது வேலை போச்சுங்கறாங்க. வாங்கறதா வேணாமாங்கறது அப்புறம். வருஷத்துக்கு இவ்வளவு வெட்டலாம்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அது எப்படி வருது? நம்பலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாம்பரம்_டு_வான்கூவர்:
ப்ரோ, உங்க தம்பி சிரிச்சதுல அர்த்தம் இருக்கு. அந்த மாகாணத்துல நிலம் 90 சதவீதத்துக்கு மேல அரசாங்கத்தோடது, கம்பெனிங்க லைசென்ஸ் வாங்கி வெட்டுதுங்க. ஏரியா ஏரியாவா வருஷத்துக்கு இத்தனை கன மீட்டர்னு ஒரு உச்சவரம்பு, அதை சீஃப் ஃபாரஸ்டர்னு ஒரு அதிகாரி நிர்ணயிப்பார், பொதுவா பத்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்க்கணும்னு சட்டம். பேப்பர்ல சூப்பர். ஆனா அந்த நம்பர் ஒவ்வொரு மரமா எண்ணி வர்றதில்ல, எவ்வளவு மரம் நிக்குது, எவ்வளவு வேகமா வளருது, எவ்வளவு தீயில போகும்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மாடல்ல போட்டு, அது கூட அதிகாரியோட தீர்ப்பும் சேர்ந்து வர்றது. அனுமானம் ஒண்ணு தப்பினா நம்பரும் தப்பும்.

தப்பினதுக்கு உதாரணமும் அங்கயே இருக்கு. 1990கள் கடைசியில இருந்து பைன் வண்டுன்னு ஒரு பூச்சி, குளிர் நல்லா இறங்கினா புழு செத்துடும், குளிர் குறைஞ்சதால சாகல, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டுல பரவிடுச்சு (நம்ம தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடிதான்). செத்த மரம் அழுகறதுக்குள்ள எடுத்துடலாம்னு உச்சவரம்பை ஏத்தினாங்க, மில்லுங்களும் அந்த அளவுக்கே பழகிடுச்சு. செத்த மரம் தீர்ந்ததும் வரம்பை இறக்கினாங்க, மில்லு வரிசையா மூட ஆரம்பிச்சுது. மில்லு மூடினதுக்கு இது மட்டுமே காரணம் இல்ல, அமெரிக்கா போடற வரி, மர விலை எல்லாம் சேர்ந்துதான், ஆனா ஊர்ல ரெண்டு கட்சி வந்ததுக்கு வேர் இங்கதான் இருக்கு.

இன்னொண்ணு, முதல் தடவை வெட்டற பழங்காடு தாத்தா விட்டுட்டுப் போன சொத்து, அடுத்த தடவை வர்றது நம்ம மாச சம்பளம். நட்ட காட்டை 80, 100 வயசுல வெட்டினா பழைய காடு குடுத்த அளவு வராது. எப்படியும் ஒருநாள் குறையப் போற நம்பரைத்தான் சஸ்டைனபிள்னு சொல்லிட்டிருக்காங்க.

மரவாடி_மச்சான்:
பெரியமேட்டுல மரவாடி வெச்சிருக்கோம், அதனால தொழில்காரன் பேச்சா எடுத்துக்குங்க. சார், முதல்ல அது கனடா மரமான்னு பாருங்க, மெட்ராஸ்ல "பைன்"னு வர்றதுல நியூசிலாந்து மரமும் ஏகப்பட்டது. பலகையோட வெட்டு முனையைத் தண்ணி தொட்டுத் துடைச்சிட்டு வளையத்தைப் பாருங்க. நியூசிலாந்து ரேடியாட்டா 25, 30 வருஷத்துல வெட்டற தோட்டத்து மரம், வளையம் விரல் அகலத்துக்குக்கூட இருக்கும். வடக்குக் குளிர்ல வளர்ந்தது வளையம் நெருக்கி நெருக்கி நிக்கும், ஒரு இஞ்ச்ல பத்து இருபதுகூட வரும். அழகுதான், ஆனா அந்த ஒரு இஞ்ச் வளர எவ்வளவு காலம் ஆச்சுன்னும் அதுலயே தெரிஞ்சுடும். வாய்ச் சொல்ல நம்பாதீங்க, எஃப்எஸ்சி (பொறுப்பா பராமரிக்கற காட்டு மரம்னு முத்திரை குடுக்கற அமைப்பு) மரம்னா பில்லுலயே அது எஃப்எஸ்சி மரம்ங்கற வாசகமும் சர்டிஃபிகேட் நம்பரும் போட்டிருக்கணும், இல்லேன்னா அது சாதா மரம்தான், பலகையில எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி.

ராயபுரம்_ரவுசு:
கனடா முழுக்க 2023ல மட்டும் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல எரிஞ்சு போச்சு, இவங்க வெட்டறது அதுல தூசு. எரியறதுக்கு பதிலா வெட்டி நம்மாளு அலமாரி செஞ்சா என்ன தப்புன்றேன்?

தாம்பரம்_டு_வான்கூவர்:
தலைவா, எரிஞ்சதும் வெட்டினதும் சேர்ந்துதான் கணக்குல கழியுது, எரிஞ்ச வருஷத்துக்காக வெட்டற அளவு தானா குறையாது, அடுத்த ரிவ்யூ வரைக்கும் பழைய நம்பர்தான் ஓடும், நடுவுல எந்த அதிகாரியாவது முந்திக்கிட்டு மாத்தினாத்தான் உண்டு. அதுவும் இல்லாம மொத்த மாகாணக் கணக்குல சரியா இருக்கற நம்பர் ஒரு பள்ளத்தாக்கைச் சுத்தமா காலி பண்ணலாம். காரிபூ மானையே எடுங்க, அது பனிக்காலத்துல திங்கறது பழைய காட்டுல வளர்ற லைக்கன், பாசி மாதிரி ஒண்ணு. வெட்டின இடத்துல இளந்தளிர் வரும், அதைத் திங்க மூஸ்ங்கற பெரிய மான் வரும், மூஸ் பின்னாடி ஓநாய், லாரிக்குப் போட்ட ரோடுலயே அது சுகமா நடந்து போய் காரிபூவையும் பிடிக்கும். வடக்குக் காட்டு காரிபூவுக்கு ஒவ்வொரு வாழிடத்துலயும் குறைஞ்சது 65 சதவீத நிலம் கலையாம இருக்கணும்னு கனடா மத்திய அரசு 2012லயே சொல்லிடுச்சு.

ஊர்க்காரங்க கவலை வெறும் புலம்பல்னு நினைக்காதீங்க. வடகிழக்குல ப்ளூபெரி ரிவர் பழங்குடி மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 1899ல போட்ட ஒப்பந்தப்படி வேட்டையாடி மீன் பிடிச்சு வாழற உரிமை இருக்கு, ஆனா மரம், காஸ், ரோடுன்னு எல்லாத்துக்கும் தனித்தனியா பர்மிட் குடுத்துக் குடுத்தே எங்க காட்டை முடிச்சுட்டீங்கன்னு. 2021ல ஜெயிச்சாங்க, 2023ல அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு அந்தப் பக்கம் வெட்டறதைக் குறைக்க ஒத்துக்கிச்சு. பர்மிட் ஒவ்வொண்ணும் சட்டப்படி சரி, கூட்டிப் பார்த்தா காடு இல்ல.

பெரும்பாக்கம்_பால்கனி:
இவ்வளவு விஷயம் இருக்கா! தம்பிகிட்ட மறுபடி பேசினேன், அவன் வேற ஒண்ணு சொல்றான், வெட்டின இடத்துல தானா முளைக்கற ஆஸ்பென், பிர்ச் மாதிரி இலை மரங்களை மருந்தடிச்சுக் கொல்றாங்களாம், நட்ட பைன் சீக்கிரம் வளரணும்னு. நிஜமா?

தாம்பரம்_டு_வான்கூவர்:
நிஜம்தான், க்ளைஃபோசேட்ங்கற களைக்கொல்லி. இந்த இலை மரம் பச்சையா நின்னா தீ வேகம் குறையும், மூஸுக்கும் தீனி, அதைக் கொன்னுட்டு வெறும் பைனா நிறுத்தினா தீப்பெட்டி அடுக்கி வெச்ச கதைதான்னு ஊர்ல சத்தம் போடறாங்க. கியூபெக் மாகாணம் அரசுக் காடுகள்ல 2001லயே நிறுத்திடுச்சு, அங்க ஆள் வெச்சு வெட்டறாங்க, செலவு ஜாஸ்தி ஆனா நடக்குது. அப்போ மருந்தில்லாம முடியாதுன்னு சொல்றது சும்மா.

மரவாடி_மச்சான்:
சார், வார்ட்ரோப்புக்குன்னா ரப்பர் மரம் பாருங்க, பால் வத்தின கேரளா தோட்டத்து மரம், எப்படியும் வெட்டித்தான் ஆகணும். ட்ரீட்மென்ட் பண்ணதா கேட்டு வாங்குங்க, இல்லேன்னா பூச்சி விழுந்துடும். பாத்ரூம் கதவுக்கு மட்டும் வேணாம்.