உகாண்டா ஊழியப் பயணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நெல்லையிலுள்ள எங்கள் சபையிலிருந்து சிறு குழுவாக, ஜனவரியில் வட உகாண்டாவின் குலு பகுதிக்கு ஊழியத்திற்குப் புறப்பட ஆயத்தமாகி வருகிறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதும், அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் 60 வயதைக் கடந்த எங்கள் உபதேசியாருக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவையென்கிறார்கள். அந்த வயதில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், என்னென்ன மருத்துவக் குறிப்புகளைக் கொண்டுசென்றீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை உட்கொண்டவர்கள், அங்குள்ள வறண்ட பருவ வெயிலில் தோல் எரிச்சலை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் எழுதுங்கள். (முறுக்கு, ஊறுகாய் பற்றிய ஆலோசனைகள் ஏற்கெனவே பெட்டி கொள்ளாத அளவுக்கு வந்துவிட்டன.) குலு பகுதியில் பேசப்படும் அச்சோலி மொழியில் எளிய வாழ்த்துச் சொற்களைக் குரல்பதிவாக அனுப்பக்கூடியவர்கள் இருந்தால் மிகவும் நன்றியுடையவர்களாயிருப்போம்.