புதுப்பிப்பு: விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில், இரண்டு சிக்கலும் தீர்ந்தது

காரைக்குடி வீட்டுக் கணினியில் விண்டோஸோடு உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டபிறகு, உபுண்டுவிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை, மணியும் தப்பாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, இரண்டும் சரியாகிவிட்டது. சேமிக்க விடாமல் செய்தது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், அதாவது கணினி சீக்கிரம் திறப்பதற்கான வசதி. அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், உபுண்டுவும் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் எடுத்துவிட்டேன். அப்புறம் மணி: மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, உபுண்டு யுடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக, அதனால்தான் 5:30 மணி நேர வித்தியாசம். டெர்மினலில் ஒரு வரி, உபுண்டுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிட்டது. அப்பச்சி விண்டோஸில் ஓடுகிற டேலி மென்பொருளில் கணக்கு எழுதுவதால், கணினி திறக்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கிற கிரப் பட்டியலில் விண்டோஸையே முதலில் வைத்திருக்கிறேன், திரையைப் பார்க்காமலே என்டர் தட்டுகிற ஆள்.