பத்தாம் தொகுதியைத் தாண்டச் சொல்பவர்களுக்கு

நானுஓயா வாசகன்:
லிந்துலைத் தம்பி நேற்று கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. ரொபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஒஃப் டைம்’ என்ற மாய உலக நாவல் தொடரை ஆரம்பித்திருக்கிறேன், பதினான்கு தொகுதிகளையும் வாசித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். அதற்குப் பண்டாரவளைப் பனிமூட்டம் எழுதிய பதிலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “பத்தாம் தொகுதியில் ஒன்றுமே நடப்பதில்லை, அதைத் தாண்டிவிட்டு, இணையத்தில் கிடக்கும் கதைச்சுருக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போங்கள்” என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

ஒன்றுமே நடப்பதில்லையா? கதையின் முக்கிய நாயகர்களில் ஒருவனான பெரின் தன் கோடரியைக் கைவிடுவது எந்தத் தொகுதியில்? 1990இல் வெளிவந்த முதல் தொகுதியிலேயே, ஓநாய்களோடு வாழும் எலையாஸ் என்ற மனிதர் அவனிடம் ஒன்று சொல்கிறார்: இந்தக் கோடரியை நீ வெறுக்கும்வரை வைத்திரு, வெறுப்பு விட்டுப்போன அன்று அதைத் தூர எறிந்துவிடு. அந்தச் சொல் பத்தாம் தொகுதி வரைக்கும் காத்திருக்கிறது. பத்தாம் தொகுதி வந்தது 2003இல். ஒரு வாக்கியத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் வாசகனின் மனதில் ஊறவைத்து, மனைவியைப் பறிகொடுத்தவன் கைதி ஒருவனின் கையை அதே கோடரியால் வெட்டி, தான் என்ன ஆகிவிட்டேன் என்று உணரும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் ஆசிரியர். நீண்ட தொடர் என்ற வடிவம் எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதைத் தாண்டச் சொல்வது ஓர் இளம் வாசகருக்குச் செய்யும் துரோகம்.

பண்டாரவளைப் பனிமூட்டம்:
நானுஓயா அண்ணன் வழக்கம்போலத் தீர்ப்பு, துரோகம் என்று பெரிய வார்த்தைகளோடு வந்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்பதாம் தொகுதி வந்தது. அதன் முடிவில் உலகத்தையே மாற்றுகிற ஒரு காரியம் நடக்கிறது. அடுத்தது என்ன என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த வாசகர்களுக்குப் பத்தாம் தொகுதியின் முற்பாதி என்ன தந்தது? அதே நாளை ஒவ்வொரு பாத்திரமும் தத்தம் இடத்தில் இருந்து எப்படிப் பார்த்தது என்பதைத் தந்தது. எலெய்ன் குளிக்கிறாள், அரசியல் பேசுகிறாள். மாட் நாடோடிக் காட்சிக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறான். ரான்ட் என்ற கதாநாயகன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருக்கிறது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகத்தில் ஒரு கோடரிக் காட்சி இருக்கிறது என்பதற்காக முழுவதையும் தலையில் கட்டுவது நியாயமா? அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்தால் போதாதா?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வாசிப்பவர்களையும் நினைக்க வேண்டும். எல்லாருக்கும் நாள் முழுவதும் கிடைப்பதில்லை.

நானுஓயா வாசகன்:
அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்தால் போதாது. எட்டாம் தொகுதியின் முடிவில் பெரினின் மனைவி ஃபெய்லைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அந்தத் தொகுதி வந்தது 1998இல். அவள் மீட்கப்படுவது 2005இல் வந்த பதினொன்றாம் தொகுதியில். புத்தகம் வரவரக் காத்திருந்து வாசித்தவர்களுக்கு நடுவில் ஏழு ஆண்டுகள். அந்தத் தேடலின் களைப்பும், பனியில் நிற்கும் படையின் பசியும், “இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை” என்ற சலிப்பும் வாசகனின் உடம்பில் ஏறாமல் அந்தக் கோடரி விழுந்தால், அது வெறும் மரத்தில் கொத்தி நிற்கும் இரும்புதான். நீங்கள் சலிப்பு என்று குறை சொல்வதைத்தான் பெரின் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். அவனோடு சேர்ந்து சலித்தவருக்குத்தான் அவன் எதை இழந்தான் என்று தெரியும்.

எனக்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். நேரமில்லாதவர் மெதுவாக வாசிக்கட்டும், ஆனால் வாசிக்காததை வாசித்ததாகச் சொல்ல வேண்டாம்.

பதுளைப் பழம்புத்தகம்:
நானும் பத்தாம் தொகுதியைத் தாண்டக்கூடாது என்ற கட்சிதான். ஆனால் நானுஓயாத் தம்பி கோடரியையே பிடித்துக்கொண்டு தொங்குவது வழக்கைக் கெடுக்கிறது. அந்தத் தொகுதியின் கடைசியில் எக்வீன் என்ற நாயகி மந்திரத்தால் துறைமுகச் சங்கிலியை உடைக்க முடியாத பொருளாக மாற்றிவிட்டு எதிரிகளிடம் பிடிபடுகிறாளே, அதுதான் உண்மையான காரணம். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அவளுடைய கதை முழுவதும் அந்தப் பிடிபடலில் இருந்துதான் புறப்படுகிறது.

அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடராவது முடிந்தது. ஜோர்டன் 2007 செப்டெம்பரில் இறந்த பிறகு, அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சனிடம் பொறுப்பைக் கொடுத்து, விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு கடைசி மூன்று தொகுதிகளை எழுதவைத்தார். 2013இல் கதை கரை சேர்ந்தது. ஜோர்ஜ் மார்ட்டினின் தொடரை நம்பியவர்கள் 2011இல் வந்த ஐந்தாம் தொகுதியோடு நிற்கிறோம். அதை வைத்து எடுத்த ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிந்துவிட்டது, ஆறாம் புத்தகத்தைக் காணோம். பற்றிக்கொள்ளப் பத்தாம் தொகுதி என்று ஒன்று இருப்பவர்கள் அதைத் தாண்டலாமா என்று சண்டை பிடிப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நானுஓயா வாசகன்:
அக்கா, மார்ட்டினின் கணக்கைத் தனியாகப் பேசுவோம். எக்வீன் பிடிபட்டதைக் கதைச்சுருக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம், பனிமூட்டமும் அதைத்தான் சொல்வார். கோடரியை அப்படிச் சொல்ல முடியாது. என் வழக்கு அங்கேதான் நிற்கிறது, அங்கேயே நிற்கும்.

லிந்துலைத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கேட்டவன் நான்தான். நான் இப்போது நான்காம் தொகுதியின் நடுவில் இருக்கிறேன். பெரினை எனக்கு மிகவும் பிடிக்கும். அவனுக்குத் திருமணம் ஆகும் என்பதும், மனைவி கடத்தப்படுவாள் என்பதும், அவன் கோடரியை விடுவான் என்பதும், எக்வீன் பிடிபடுவாள் என்பதும் இந்த இழையைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தாண்டலாமா வேண்டாமா என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம்.

பண்டாரவளைப் பனிமூட்டம்:
பாருங்கள், அந்தப் பிள்ளைக்குக் கதையைக் கெடுத்தவர் யார்? நான் “ஒன்றும் நடப்பதில்லை” என்று மட்டும்தான் சொன்னேன். அதில் ஒரு இரகசியமும் வெளிப்படவில்லை. இளம் வாசகருக்குத் துரோகம் என்று கூவியவர்தான் முதல் பதிவிலேயே கோடரியைப் போட்டு உடைத்தார். போன வருடம் ஸ்டீபன் கிங்கின் ‘டார்க் டவர்’ நாவல் தொடரின் முடிவைப் பற்றி நான் கேட்டபோதும் இவர் இதைத்தான் செய்தார், நான் மறக்கவில்லை.

நானுஓயா வாசகன்:
கதை தெரிந்தால் கெட்டுப்போகும் புத்தகத்தை இரண்டாம் தடவை யாரும் வாசிக்கமாட்டார்கள். மகாபாரதத்தில் கர்ணன் சாவான் என்று தெரிந்துகொண்டுதான் நம் தோட்டங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். தம்பி பயப்பட வேண்டாம், அந்த இடம் வரும்போது தெரிந்திருந்தும் கை நடுங்கும்.

ஒன்றும் நடப்பதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு அதே தொகுதியில் இருந்து இன்னோர் இடத்தைக் காட்டுகிறேன். சோ ஹாபர் என்ற ஊருக்குப் பெரின் தானியம் வாங்கப் போகிறான். ஊர் முழுக்க அழுக்கு, ஆவிகளின் நடமாட்டம், மூட்டையைத் திறந்தால் வண்டு. கொட்டி, தூற்றி, புடைத்து, எஞ்சியதை வண்டியில் ஏற்ற வேண்டும். உலகத்தைக் காக்கும் போர் ஒரு பக்கம் நடக்க, ஒரு படைத்தலைவன் வண்டு விழுந்த தானியத்துக்கு முன்னால் நிற்கிறான். தோட்டத்தில் கிடைத்த அரிசியையும் மாவையும் முறத்தில் போட்டுப் புடைத்து, வண்டு பொறுக்கி, அதைத்தான் சமைத்தாக வேண்டும் என்று இருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எத்தனையோ மாய உலகக் கதைகளில் படைகள் காற்றைத் தின்றே ஆயிரம் மைல் நடந்ததைப் பார்த்த எனக்கு, இந்த வண்டுகள் எந்த மந்திரத்தைவிடவும் பெரிதாகப் பட்டன. இதை எந்தச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்?

மலையகத்தில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து, இங்கே கொழுந்து இல்லை, இந்தத் தோட்டம் செத்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? சில மாதங்கள் கொழுந்து இருக்காது, பிறகுதான் செடி தழைக்கும். பத்தாம் தொகுதி அந்தக் கவ்வாத்து. அதற்குப் பிறகு வந்த பதினொன்றாம் தொகுதியின் வேகத்தை நீங்களே புகழ்கிறீர்கள்.

கொட்டகலைக் குறிஞ்சி:
கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த கை என் அப்பாவுடையது, அதனால் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து வெட்டும்போது கிளை வாதுகளைக் குறைப்பார்கள், செடியைக் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். ஜோர்டன் பத்தாம் தொகுதியில் எந்த வாதை வெட்டினார்? புதுப் பெயர்களையும் புதுக் கிளைகளையும் சேர்த்துக்கொண்டே போனார். கவ்வாத்துப் பண்ணாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும், அதில் யாரும் கொழுந்து பறிக்க முடியாது. நானுஓயாவின் உவமை அவருக்கே எதிராகப் பேசுகிறது.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950இல் தொடங்கி 1954இல் ஐந்து பாகங்களோடு முடித்தார். வாரா வாரம் வாசகரைக் காக்கவைத்தார், ஆனால் ஏழு ஆண்டுகள் ஒரு பெண்ணைச் சிறையில் வைத்துவிட்டு மற்றவர் குளிப்பதை எழுதவில்லை.

பதுளைப் பழம்புத்தகம்:
கல்கி முடித்தார் என்பது சரி, ஆனால் பலருக்கும் என்ன ஆயிற்று என்ற கேள்விகள் தீராமல், முடிவுரை எழுதித்தான் வாசகரைச் சமாதானப்படுத்தினார் என்பதையும் குறிஞ்சி சொல்ல வேண்டும். அதோடு அது சரித்திர நாவல், இந்த வழக்குக்குள் ஏன் வருகிறது? நீளம்தான் குற்றம் என்றால் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்கள். அதில் எதைத் தாண்டுவீர்கள்?

கொட்டகலைக் குறிஞ்சி:
தினமும் வந்ததற்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவரோடு நான் பேசுவதில்லை.

மஸ்கெலியா மழை:
யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டிய பிறகு, இறக்குமதியாகும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்குவது எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம். பதினான்கு தொகுதி என்றால் பதினான்கு தீர்மானம். எங்கள் ஊர் நூலகத்தில் இந்தத் தொடரில் மூன்றும் ஆறும் மட்டும் இருக்கின்றன. வாங்கி வைத்தாலும் இங்கே அடிக்கிற ஈரத்துக்குப் பக்கம் பொதுமி, ஒட்டு விட்டு, நடுவில் இருந்து கழன்று வருகிறது. பத்தாம் தொகுதிக்கு நான் கொடுக்க வேண்டிய காசில் வேறொரு ஆசிரியரின் முழுக் கதையையே வாங்கலாம் என்றால் நான் ஏன் அதை வாங்க வேண்டும்?

நானுஓயா வாசகன்:
காசு இல்லை என்பது வேறு, தேவையில்லை என்பது வேறு. காசு இல்லாதவருக்கு என்னிடம் இருக்கும் புத்தகத்தைக் கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன். ஹட்டனில் வாசகர்கள் கூடிய அன்று எட்டாம் தொகுதியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு போனவர் இந்த இழையில்தான் இருக்கிறார். அது இன்னும் திரும்பி வரவில்லை. ஃபெய்ல் கடத்தப்படும் தொகுதியே இல்லாமல் என் அலுமாரி ஓட்டையாக நிற்கிறது.

பண்டாரவளைப் பனிமூட்டம்:
அந்தப் புத்தகத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன், வராமல் இருந்தவர் நீங்கள். ஒரு புத்தகக் கடனைப் பொதுவில் இழுத்துவிட்டால் கோடரி வழக்கு ஜெயித்துவிடுமா? பதினொன்றாம் தொகுதியில் பெரின் சுத்தியலோடு சண்டை போடுகிறான். கோடரி எங்கே என்று கேட்கிற வாசகருக்கு “போன தொகுதியில் விட்டுவிட்டான்” என்ற ஒரு வரி போதும். எனக்குப் போதுமாக இருந்தது. நான் அழவும் செய்தேன்.

நானுஓயா வாசகன்:
நீங்கள் பத்தாம் தொகுதியை வாசிக்கவே இல்லை என்பதை இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரமும், வாசிக்காத ஒரு புத்தகத்தில் ஒன்றும் நடப்பதில்லை என்று ஒருவர் நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

பண்டாரவளைப் பனிமூட்டம்:
முதல் இருநூறு பக்கங்களை வாசித்தேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் மூடினேன்.

பதுளைப் பழம்புத்தகம்:
இருநூறு பக்கம் வாசித்தவர் முழுத் தொகுதிக்கும் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்கிறேன். எக்வீன் வருவது கடைசியில்.

நானுஓயா வாசகன்:
எக்வீன் இல்லை அக்கா, கோடரி.

லிந்துலைத் தம்பி:
நான் ஐந்தாம் தொகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பழைய புத்தகக் கடைகளில் இல்லை. யாரிடமாவது இருந்தால் ஒரு மாதத்துக்குத் தர முடியுமா?

பண்டாரவளைப் பனிமூட்டம்:
என்னிடம் இருக்கிறது தம்பி, தருகிறேன். பத்தாவதைக் கேட்காதீர்கள், அதை நான் விற்றுவிட்டேன், இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

நானுஓயா வாசகன்:
விற்றுவிட்டாரா! தம்பி, பத்தாம் தொகுதியை நான் தருகிறேன். ஆனால் முதலில் அந்த எட்டாம் தொகுதி யாரிடம் இருக்கிறதோ அவர் அதைத் தபாலில் போடட்டும்.