ஊனச் சான்றிதழ் இல்லாமல் விபத்து இழப்பீட்டு மனு போடலாமா?

உளுந்தூர்பேட்டை பக்கம் அப்பாவோட எக்ஸெல் வண்டியை ஒரு கார் பின்னால் இடிச்சு அஞ்சு மாசம் ஆகுது. இடது முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிவு, பிளேட் வெச்சிருக்கு, இன்னும் வாக்கர்தான். எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, 2,86,000 ரூபாய்க்கு பில் எல்லாம் இருக்கு.

காரோட இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஆப்பிள் வாங்கிட்டு வீட்டுக்கே வந்து, 1,20,000 தர்றோம், "முழு இறுதித் தீர்வு"ன்னு கையெழுத்து கேட்டார். போடலை. கம்பெனிக்கு ரெண்டு மெயில் அனுப்பியும் பதில் இல்ல. இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ்ல, பாலிசி உங்களோடது இல்ல, மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போங்கன்னுட்டாங்க.

சட்டத்துல மனுவுக்கு 6 மாசம்தான் கெடு. ஊனச் சான்றிதழ் தர்ற ஜி.எச். மெடிக்கல் போர்டு தேதியோ அதுக்கப்புறம்தான் கிடைச்சிருக்கு.

இப்பவே தீர்ப்பாயத்துல எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு) மனு போட்டுட்டு, ஊனச் சான்றிதழைப் பின்னாடி தாக்கல் பண்ண முடியுமா?