குழந்தை உளவியல் படிச்சவங்க பிள்ளை வளர்ப்புல கெட்டிக்காரங்களா?

கேள்வி: படிப்பு சொந்த வீட்டுல எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? எங்கே காலை வாரும்?

பதில் 1: பட்டத்தை வச்சு முடிவு பண்ண முடியாது. வெளியே தெரியிற நடத்தையை மட்டும் ஆராயுற உளவியல் பிரிவான நடத்தையியலைத் தொடங்கி வச்ச ஜான் வாட்சன், பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீங்க, மடியில உட்கார வைக்காதீங்க, காலையில கைகுலுக்குங்கன்னு 1928-ல் எழுதினார். அவர் மகன் ஜேம்ஸே பின்னாடி அந்த வளர்ப்பைக் குறை சொன்னார்.

பதில் 2: அடம் பிடிக்கிற விஷயத்துல படிப்பு நிச்சயம் உதவும். கடையில மிட்டாய்க்கு அழுற 3 வயசுக் குழந்தையைக் கண்டுக்காம விட்டா, அழுகை முதல்ல கூடலாம், அப்புறம்தான் அடங்கும். விவரம் தெரியாதவங்க, "இது வேலைக்கு ஆகாது"ன்னு அந்த உச்சத்துலயே வாங்கிக் கொடுத்துடுவாங்க. அடுத்த தடவை அழுகை அங்கிருந்தே ஆரம்பிக்கும். நாலு தடவை மறுத்துட்டு அஞ்சாவது தடவை கொடுக்கிறது இன்னும் மோசம். அந்தப் பழக்கத்தை விடவைக்கிறது ரொம்பக் கஷ்டம். அழுகை நின்னதும் உடனே பேச்சுக் கொடுக்கணும், பலர் இதை விட்டுடுறாங்க. கடிக்கிறது, ரோட்டுக்கு ஓடுறதுக்கெல்லாம் இந்த முறை ஆகாது. கையைப் பிடிச்சு நிறுத்தணும்.

பதில் 3: தெரிஞ்சிருந்தும் தூக்கமில்லாத ராத்திரியில நிபுணரும் கத்தத்தான் செய்வார். கிளினிக்ல வர்றது அடுத்தவங்க பிள்ளை, அங்கே பொறுமை சுலபம். அப்புறம், இன்னொரு நடத்தையியல் நிபுணரான ஸ்கின்னர் தன் மகள் டெபோராவைப் பெட்டியில போட்டு வளர்த்துப் பைத்தியமாக்கினார்ங்கிறது புரளி. அது வெப்பநிலையைச் சீரா வச்சிருந்த தொட்டில்; டெபோரா நல்லபடியா வளர்ந்து ஓவியரானார்.