தம்பியின் புரத உணவும் குடல் நுண்ணுயிரிகளும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த என் தம்பி, காலையில் முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் கோழிக்கறி, மாலையில் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே (whey) புரதப் பொடி என்று மாறி, வீட்டில் வழக்கமாக இருக்கும் கேழ்வரகுக் கூழையும் சுண்டலையும் அறவே நிறுத்திவிட்டான். சில வாரங்களிலேயே வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் வந்தன. பிரியும் வாயுவில் அழுகிய முட்டையின் வாடை அடித்தது.

அவனைப் பார்த்த உணவியல் வல்லுநர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் புரதம் பெருங்குடலுக்குப் போகிறது; அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு நார்ச்சத்து கிடைத்தால் அதை நொதிக்கவைத்து, குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட்டைத் தருகின்றன, கிடைக்காதபோதோ புரதத்தையே கூடுதலாகச் சிதைத்து அம்மோனியா, பாரா கிரெசால், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை உண்டாக்குகின்றன. அந்த வாடைக்குக் காரணம் கடைசியாகச் சொன்ன வாயுதான். முட்டையில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அதிகம். (பொடியிலுள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் சிலருக்கு உப்புசம் தரும் என்பதால், அதையும் அவர் தனியே விசாரித்தார்.)

2014இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில், 10 தன்னார்வலர்கள் 5 நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே உண்டபோது, பித்தத்தைத் தாங்கி வாழும் பைலோஃபிலா போன்ற நுண்ணுயிரிகள் பெருகின, தாவர மாவுச்சத்துகளைச் சிதைப்பவை குறைந்தன. இத்தனை விரைவில் மாற்றம் வரும் என்பதே என்னை வியக்க வைத்தது. ஆனாலும் அந்த உணவில் கொழுப்பு மிகுந்தும் நார்ச்சத்து அறவே இல்லாமலும் இருந்ததால், பழியை முழுவதும் புரதத்தின் மேல் போடுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

தம்பி முட்டையை விடவில்லை. பொடியைக் குறைத்து, காராமணி, கொண்டைக்கடலை, முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தான். இரவு ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்ததால் பயறு தரும் வாயுவும் அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. கூழும் திரும்பியது. மலச்சிக்கல் முதலில் நீங்கியது, வாடை அதற்குப் பின்னரே மெல்லக் குறைந்தது.

காசிமேட்டு மீனைத் தினமும் உண்ணும் குடும்பங்கள் இங்கு நிறைய இருப்பதால் இதையும் சொல்கிறேன். மாட்டிறைச்சியிலுள்ள கார்னிட்டின் என்ற சேர்மத்தைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைத்த பின் கல்லீரலில் உருவாகும் டிஎம்ஏஓ (டிரைமெத்திலமைன் என்-ஆக்சைடு) என்ற பொருள், கடல் மீனில் இயல்பாகவே உண்டு. ஆகவே மீன் சாப்பிட்டவரின் இரத்தத்தில் அதன் அளவு கூடியிருப்பதைக் கண்டு, அவரது குடல் கெட்டுவிட்டதாக முடிவுகட்ட முடியாது.