புதுப்பிப்பு: நீராவிக் கலனில் வெப்பப் பரிமாற்றம் குறைந்ததன் காரணம் தெரிந்தது

அணு உலையைச் சூழ்ந்து கதிரியக்கம் வெளியேறாமல் தடுக்கும் காப்புக் கூடத்தின் சுவரில் நீராவி குளிர்ந்து நீராவதைச் சிறு கலனில் சோதித்தபோது, வெப்பப் பரிமாற்றக் குணகம் (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு), தூய நீராவி குளிர்ந்து நீராவதற்கு ஜெர்மன் பொறியாளர் நுசெல்ட் வகுத்த 1916ஆம் ஆண்டுக் கோட்பாடு தரும் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நான் சந்தேகித்தது நீராவி நீராகும் குளிர்தகட்டை; ஆனால் அதில் குறையில்லை. கலனின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே பலித்தது. அழுத்தமானி 101 கிலோபாஸ்கல் காட்ட, வெப்பமானியோ 96.7 டிகிரியில் நின்றது. அந்த வெப்பநிலைக்குரிய நீராவி அழுத்தம் 90 கிலோபாஸ்கல்தான் என்பதால், மீதி 11 கிலோபாஸ்கலும் வெளியேறாத காற்றினுடையது. நீராவி தகட்டில் நீராக மாற, உடன் வந்த காற்று அங்கேயே தங்கி, பின்வரும் நீராவி ஊடுருவிச் செல்லவேண்டிய படலமாகிவிடுகிறது.

காற்றை வெளியேற்ற மேல் வால்வை மட்டும் திறந்துவைத்தது என் தவறு. காற்று நீராவியைவிடக் கனமானது (மூலக்கூறு நிறை 29, நீராவிக்கு 18); அதனால் அடியில் தங்கிவிடும். அடிவால்வை இருபது நிமிடம் திறந்ததும் வெப்பநிலை 99.8 டிகிரிக்கு ஏறியது. குணகமும் கோட்பாட்டு மதிப்பை நெருங்கியது.

எதிர்பாராதது ஒன்று: விபத்தில் உருவாகும் ஹைட்ரஜனுக்குப் பதிலியாக ஹீலியம் செலுத்தியபோது, அது மேலே தேங்கியதால் அடிவால்வு பயன்படவில்லை; மேல்வால்வையே மீண்டும் திறக்கவேண்டியிருந்தது.